கரியும் கரண்ட்டும்: அனல் மின் நிலையம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

கடலோரத்தில் உள்ள ஓர் அனல் மின் நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீடு, டீக்கடை, பள்ளி விழா என்று எங்கே போனாலும் "கரண்ட்டுக்காரர்" என்று தெரிந்ததும் கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாக விளங்கும்.

1. கரியை எரிச்சா கரண்ட் எப்படி சார் வரும்?

கரி தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறது. கரியை மில்லில் போட்டு முகப் பவுடர் போல நைசாக அரைத்து, சூடான காற்றோடு பாய்லருக்குள் ஊதுவார்கள். உள்ளே அது தூளாகப் பறந்தபடியே எரியும். பாய்லரின் சுவர் முழுக்கக் குழாய்கள், குழாய்க்குள் தண்ணீர். அது 540 டிகிரி சூட்டில், கண்ணுக்குத் தெரியாத உலர்ந்த நீராவியாகி டர்பைன் தகடுகளில் மோதும். டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். அதே தண்டில் பூட்டிய ஜெனரேட்டரும் கூடவே சுற்றி மின்சாரம் தரும்.

வேலை முடிந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி மறுபடி பாய்லருக்கே அனுப்புகிறோம். குளிரவைக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். தூத்துக்குடி, வடசென்னை நிலையங்கள் கடலோரத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம், கரி கப்பலில் வருவது மற்றொன்று. மேட்டூர் நிலையம் உள்நாட்டில் இருந்தாலும் காவிரி பக்கத்திலேயே இருக்கிறது. 3,000 சுற்று என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள், 10-ஆவது கேள்வியில் அது திரும்ப வரும்.

2. இடுப்பு சிறுத்த அந்தப் பெரிய கோபுரத்துல இருந்து வெள்ளையா குபுகுபுன்னு வர்றது புகைதானே?

இல்லை. அது கூலிங் டவர், வெளியே வருவது வெறும் ஈர ஆவி. நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். புகை வருவது பக்கத்தில் ஒல்லியாக, மிக உயரமாக நிற்கும் புகைபோக்கியில். அதில் வருவது பல நாள் கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. அதை 16-இல் சொல்கிறேன்.

3. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எவ்வளவு கரி ஆகும்?

நம் நாட்டுக் கரியென்றால் சுமார் 700 கிராம். பத்து வாட் எல்.ஈ.டி. பல்பு நூறு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், அதற்கு முக்கால் கிலோவை நெருங்கும் கரி. ஒரு படுக்கையறை ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடி எட்டு யூனிட் இழுத்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் கரி.

இதையே நிலையத்தின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதியையும் நாங்கள் யூனிட் என்றுதான் சொல்வோம். அப்படி 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம், 3,500 டன் கரி. ஏறக்குறைய ஒரு சரக்கு ரயில் முழுவதும். தூத்துக்குடியில் அப்படி ஐந்து யூனிட். 55,000 டன் ஏற்றி வந்த ஒரு கப்பல் அந்த நிலையத்துக்கு மூன்று நாள் சாப்பாடுதான்.

இத்தனை எரித்தும் கரியில் உள்ள வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி கடலுக்கும் காற்றுக்கும் போகிறது. நீராவியை இன்னும் அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் ஓட்டும் புதிய வகை சூப்பர் கிரிட்டிக்கல் யூனிட்டுகள் இதை 40 சதவீதத்தை ஒட்டிக் கொண்டு வருகின்றன. வடசென்னையில் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட 800 மெகாவாட் யூனிட் அந்த வகை.

4. தமிழ்நாட்டுல கரிச் சுரங்கமே இல்லையே, அப்புறம் எங்கிருந்து வருது?

கறுப்புக் கரி நமக்கு ஒரு கூடைகூட இல்லை. பெரும்பகுதி ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே ரயிலில் ஏற்றி பாரதீப் துறைமுகம், பாரதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். மேட்டூருக்கு என்றால் துறைமுகத்தில் இறக்கி மறுபடி ரயிலில் ஏற்ற வேண்டும். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே மின்வாரியக் கரிக்காகத்தான். இது போதாமல் இந்தோனேசியக் கரியும் வாங்கிக் கலக்கிறோம். நம் கரியில் நூற்றுக்கு 35 முதல் 45 பங்கு சாம்பல், இந்தோனேசியக் கரியில் அது மிகக் குறைவு.

கரியைத் தூக்கி வருவதற்குப் பதில் சுரங்க வாயிலிலேயே எரித்துக் கரண்ட்டைக் கம்பியில் அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் நடக்கிறது. தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை 2,000 மெகாவாட் கொண்டுவரும் டி.சி. (நேர்மின்சார) லைன் 2003 முதல் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கென்றே போட்ட லைன் அது.

5. நெய்வேலியில வெட்டுறது கரி இல்லையா?

அது பழுப்பு நிலக்கரி, லிக்னைட். கறுப்புக் கரியைவிட வயதில் இளையது, ஈரம் அதிகம், சூடு குறைவு. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். தூரம் அனுப்பினால் ஈரத்துக்குத்தான் வண்டிக்கூலி கொடுத்ததாக ஆகும். அதனால் வெட்டிய இடத்திலேயே கன்வேயரில் கொண்டுபோய் எரிக்கிறார்கள். சாம்பலும் குறைவு.

1930-களில் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வருவதைக் கண்டு விடாமல் அரசுக்குச் சொன்னவர் ஜம்புலிங்க முதலியார். 1956-இல் நிறுவனம் தொடங்கியது, 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் யூனிட் ஓடியது. அந்த 600 மெகாவாட் முதல் நிலையம் முழுக்கத் தமிழ்நாட்டுக்கே கொடுத்து, அரை நூற்றாண்டு உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. இடையில் பம்ப் செட்டுகளுக்குக் கரண்ட் வந்த கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

6. மொத்தம் எத்தனை நிலையம் இருக்கு நமக்கு?

மாநிலத்தின் சொந்த நிலையங்கள் மூன்று இடங்களில். தூத்துக்குடி 1,050 மெகாவாட், மேட்டூர் 840-ம் 600-ம், வடசென்னை 630-ம் 1,200-ம். கூட்டினால் 4,320. மேலே சொன்ன 800 மெகாவாட் புது யூனிட் இதற்கு மேல். பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. உடன்குடியில் 660 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு கட்டப்பட்டு வருகின்றன.

மத்திய அரசு நிறுவனங்களோடு கூட்டாக வல்லூரில் 1,500, தூத்துக்குடியில் 1,000. அதற்கப்பால் நெய்வேலி, வெளிமாநில மத்திய நிலையங்களில் பங்கு, தனியாரோடு ஒப்பந்தம். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 4,320-ஐ வைத்துப் பாருங்கள், சொந்த நிலையம் மட்டும் போதாது என்பது தெரியும்.

7. நெய்வேலி நம்ம மண்ணு. அங்க எடுக்கிற கரண்ட்டை ஏன் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் கொடுக்கணும்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது, அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. மத்திய அரசு கட்டும் நிலையம் அந்த வட்டார மாநிலங்களுக்குப் பொதுவானது. நெய்வேலி இரண்டாம் நிலையத்தில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அதே விதிப்படிதான் தெலங்கானாவின் ராமகுண்டத்திலும் ஒடிசாவின் தால்ச்சரிலும் எரியும் கரியில் நமக்குப் பங்கு வருகிறது. புதுச்சேரிக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் ஒரு சிறிய எரிவாயு நிலையம்தான், இந்தப் பங்கு இல்லாமல் அந்த ஊர் இருட்டு. பங்கீட்டு முறையில் எனக்குக் குறையில்லை.

மண்ணை இழந்தவர்கள் விஷயம் வேறு. சுரங்கம் தோண்ட அடியில் இருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கிப் போயின. 2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரத்தை இறக்கியதைப் பார்த்தபோது, வாழ்நாள் முழுக்க மின்சாரத் துறையில் இருந்த எனக்கே நெஞ்சு பதறியது. நிலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று என்பது அதற்குப் பதிலாகாது. கதிர் அறுக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

8. காத்தாலை இத்தனை இருக்கு, வெயிலுக்கும் பஞ்சமே இல்ல. இன்னும் எதுக்குங்க கரி?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். "வருஷத்துக்கு எவ்வளவு?" என்று கணக்குப் பார்த்தால் கேட்பவர் சொல்வது சரிதான் என்று தோன்றும். மின்சாரத்தில் கேட்க வேண்டியது "எத்தனை மணிக்கு?" என்பது. மின்சாரத்தைப் பத்தாயத்தில் கொட்டி வைக்க முடியாது. இழுக்கிற வினாடியிலேயே உண்டாக்க வேண்டும்.

சித்திரை மாதத்து ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை பத்திலிருந்து மூன்று வரை சோலார் பல ஆயிரம் மெகாவாட் கொட்டுகிறது. நாலரைக்கு மேல் இறங்கத் தொடங்கி, ஆறரைக்குச் சுத்தமாகப் போய்விடுகிறது. அதே ஆறரைக்குத்தான் வீடுகளில் விளக்கு, டி.வி., மிக்ஸி, கடைகளில் பலகை விளக்கு, எட்டு மணிக்கு மேல் ஏ.சி. பகலில் சூரியன் தூக்கிய பாரம் அவ்வளவையும் இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். நீர்மின்சாரம் கொஞ்சம் தாங்கும். கூடங்குளம் எப்போதும் ஒரே அளவில் ஓடுவது, கூட்டிக் குறைக்க அதைத் தொடுவதில்லை. பெரும்பாரம் கரியின் தோளில்தான் விழுகிறது.

காற்று? ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய், கம்பம் என்று நான்கு வாசல்களில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்திருக்கின்றன. அந்த நாட்களில் நாங்கள் கரி யூனிட்டுகளை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்போம். ஆனால் அந்தக் காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசியில் அடங்குவது. ஏப்ரல் புழுக்கத்தில் தேவை உச்சத்தில் இருக்கும்போது காற்றாலை பேருக்குச் சுற்றும். கார்த்திகை மழை நாட்களில் காற்றும் இருக்காது, மேகத்தால் வெயிலும் இருக்காது. அந்த மணிகளுக்கு, அந்த வாரங்களுக்குத்தான் இன்று கரி.

9. அப்போ பகல்ல நிறுத்திட்டு சாயங்காலம் மட்டும் போட்டுக்கலாமே?

கேஸ் அடுப்பாக இருந்தால் செய்யலாம். பாய்லர் என்பது ஒரு பத்து மாடிக் கட்டடத்தைவிட உயரமான இரும்புக் குழாய்க் கூடு. ஆறிப்போன யூனிட்டை மறுபடி எழுப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் எண்ணெயை எரித்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், அந்த எண்ணெய்ச் செலவு பயங்கரம். அவசரப்பட்டால் குழாயும் டர்பைன் உறையும் சமமாக விரியாமல் வெடிப்பு விடும்.

அதனால் நிறுத்தாமல் தணிக்கிறோம். இப்போதைய விதி, முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓட வேண்டும் என்கிறது. 210 மெகாவாட் யூனிட் பகலில் 115-க்கு இறங்கி, மாலையில் ஏற வேண்டும். அதற்கும் கீழே போனால் உள்ளே தீ நடுங்கத் தொடங்கும். கண்ட்ரோல் ரூமில் அந்த நடுக்கத்தைத் திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வயிற்றைக் கலக்கும் காட்சி. 1979-இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி முதல் யூனிட் போன்றவை ஒரே சீராக ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. அவற்றைத் தினமும் ஏற்றி இறக்கினால் குழாய் ஓட்டை அடிக்கடி விழும்.

10. எங்கேயோ ஒரு யூனிட் ட்ரிப் ஆனா எங்க ஊர்ல ஏன் கரண்ட் போகணும்?

தேர் வடம் இழுத்திருப்பீர்கள். நாடு முழுக்க உள்ள ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கின்றன. எல்லாம் ஒரே தாளத்தில், வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில். முதல் பதிலில் சொன்ன 3,000-ஐ அறுபதால் வகுத்துப் பாருங்கள். ஒரு பெரிய யூனிட் திடீரென்று கையை விட்டால் மற்றவற்றின் மேல் பாரம் கூடி எல்லாமே கொஞ்சம் தளரும். 50 என்பது 49.9-க்குக் கீழே போனாலே எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் போன்கள் அலறும். உடனே வேறு யூனிட்டுகளை ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் சில ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குப் போகும் லைன்களை, கழற்றிவிட வேண்டும். அந்த ஃபீடரில் உங்கள் ஊர் இருந்திருக்கும். மொத்த வடமும் அறுவதைத் தடுக்கச் செய்வது அது.

அறுந்ததும் உண்டு. 2012 ஜூலை 30-ஆம் தேதி வடக்கு கிரிட், அதாவது வட மாநிலங்களின் மின் வலைப்பின்னல், விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி. தெற்கு தப்பித்தது. அப்போது தெற்கு அந்த வடத்தில் பிணைக்கப்படாமல், தாளத்தைக் கடத்தாத டி.சி. இணைப்பு மூலம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31-இல் சோலாப்பூர்–ராய்ச்சூர் லைன் வழியாக நாமும் ஒரே வடத்துக்கு வந்தோம். ஆபத்தும் பொதுவாயிற்று, உதவியும் பொதுவாயிற்று. 2012-இல் பல மணி நேர மின்வெட்டில் நாம் தவித்தபோது வடக்கே கரண்ட் இருந்தும் கொண்டுவர லைன் போதவில்லை. அந்த ஆண்டை வாழ்ந்தவர்களுக்கு இந்த இணைப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

11. இலங்கையில குரங்கு ஏறி நாடே இருட்டாச்சுன்னாங்களே, அது நிஜமா?

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை சப்ஸ்டேஷனில் குரங்கு ஒன்று கம்பியைத் தொட்டது, நாடு முழுவதும் கரண்ட் போனது. ஆனால் எல்லாவற்றையும் குரங்கின் மேல் போடுவது தப்பு. விடுமுறை நாள், தேவை குறைவு, நல்ல வெயில். ஓடிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சோலார். கனமாகச் சுற்றும் இயந்திரங்கள் குறைவாக இருந்தன. பெரிய தேரை யாராவது விட்டாலும் உடனே நிற்காது, சொந்தக் கனத்தில் கொஞ்ச தூரம் உருளும். சப்பரம் அப்படியே நின்றுவிடும். டர்பைனின் கனம் கொடுக்கும் அந்தச் சில வினாடி அவகாசம் அன்று போதவில்லை.

அங்கே ஒரே கரி நிலையம்தான், புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை. மூன்று 300 மெகாவாட் யூனிட். சின்ன கிரிட்டில் அவ்வளவு பெரிய யூனிட் ஒன்று ட்ரிப் ஆனாலே ஆட்டம் காணும். அன்று அது நின்று, எழுப்ப நாட்கள் பிடித்து, அதற்குள் முறை வைத்து மின்வெட்டு. 9-இல் சொன்ன சூடேற்றும் கதையின் விலை அதுதான். இன்னொரு சங்கடம், தென்மேற்குப் பருவக் காற்றில் அந்தக் கடற்கரையில் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. முன்கூட்டியே வாங்கிக் குவித்து வைத்தாக வேண்டும். திருகோணமலை சம்பூரில் இரண்டாவது கரி நிலையம் கட்ட இருந்தார்கள். அந்தத் திட்டம் 2016-இல் கைவிடப்பட்டது.

12. எங்க தெருவுல மட்டும் கரண்ட் போச்சு. கரி தீர்ந்துடுச்சா?

இல்லை. ஃபியூஸ், டிரான்ஸ்பார்மர், மரக்கிளை, கேபிள். லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

13. "அஞ்சு நாளைக்குத்தான் கரி இருக்கு"ன்னு டி.வி.யில சொல்றாங்களே, பயப்படணுமா?

சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள நிலையங்கள் 20 முதல் 26 நாள் கரியைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடக் குறைந்தால் கவலைதான், ஆனால் ஐந்து நாள் என்றதும் ஆறாம் நாள் இருட்டு என்று பொருளில்லை. கப்பல் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கப்பல் எத்தனை நாளுக்கு என்பதை 3-இல் பார்த்தோம்.

உண்மையிலேயே பயந்த காலங்கள் 2021 அக்டோபரும் 2022 ஏப்ரலும். 2022-இல் கரி ரயிலுக்கு வழிவிட வடக்கே பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள். இந்தோனேசியக் கரியின் விலை எகிறியது. மழையில் சுரங்கம் நிரம்புவது, ரயில் பெட்டி கிடைக்காதது, புயலில் கப்பல் நிற்பது, பாக்கி கட்டாமல் கரி நிற்பது என்று சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் நிலையம் பட்டினி. நனைந்த கரி வேறு மில்லில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். ஐப்பசி ராத்திரிகளில் மில்லுக்குக் கரி தரும் தொட்டியான பங்கருக்குள் ஒட்டிய கரியைக் கம்பியால் இடித்துத் தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நினைக்காமல் என்னால் மழைக்காலத்தில் சுவிட்ச் போட முடிவதில்லை.

14. ஓடாம நிக்கிற நிலையத்துக்கும் காசு கொடுக்குறாங்களாமே, இது அநியாயம் இல்லையா?

கல்யாண மண்டபக் கணக்குதான். மண்டப வாடகை ஒன்று, சாப்பாட்டுக்கு இலைக் கணக்கு ஒன்று. கட்டிய கடன், சம்பளம், பராமரிப்பு எல்லாம் வாடகை மாதிரி, நிலையம் தயாராக இருந்தால் கொடுத்தாக வேண்டும். கரிச் செலவு இலைக் கணக்கு, எடுத்த யூனிட்டுக்கு மட்டும். தினமும் லோடு டெஸ்பாட்ச் சென்டர் இலை விலை குறைந்த நிலையத்தை முதலில் அழைக்கும், விலை கூடியதைக் கடைசியில்.

காற்றுக் காலத்தில் சும்மா நிற்கும் யூனிட்டுக்கு வாடகை கொடுப்பது, சித்திரை மாலைக்கு அது வேண்டும் என்பதால். அது நியாயம். தேவையைத் தப்பாகக் கணித்து, அவசரத்தில், கூடுதல் விலைக்கு நீண்ட கால ஒப்பந்தம் போட்டால் அது அநியாயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டாமல், எந்த ஒப்பந்தம், எவ்வளவு, ஏன் என்று கேளுங்கள். கட்டண உயர்வுக்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்துகிறது. போய்ப் பேசுபவர்கள் மிகச் சிலர்.

15. சாம்பலை எல்லாம் என்ன பண்றீங்க?

100 கிலோ கரிக்கு 40 கிலோ சாம்பல் என்றால், ஒரு 210 மெகாவாட் யூனிட்டே நாளுக்கு 1,400 டன் தள்ளும். புகையோடு பறக்கும் நைசான சாம்பலை மின்தகடுகள் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததாக எடுத்தால் சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்குமான நல்ல சரக்கு. சாம்பல் செங்கல்லில் கட்டிய வீட்டில்தான் நானும் இருக்கிறேன். எடுக்க முடியாததைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள்.

அந்தக் குழாய்கள்தான் எண்ணூரின் சோகம். பல ஆண்டுகள் அவை ஒழுகி, சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது. இறால் ஒதுங்கும் சேறு மூடிப்போனது. காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் முறை வைத்துப் பாடு இறங்கிய இடம் அது, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களின் இடமும் கூட. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒழுகும் குழாயை மாற்றுவது தொழில்நுட்பப் புதிர் அல்ல. காசும் அக்கறையும் இருந்தால் ஒரு வருடத்தில் முடிகிற வேலை. என் துறையைப் பற்றி நான் தலைகுனிகிற இடம் இதுதான். மேலே எத்தனை கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லியிருந்தாலும் இது மாறாது.

16. புகையில என்ன இருக்கு? இப்ப எல்லாம் சுத்தம் பண்ணித்தானே விடுறாங்க?

சாம்பல் பெரும்பகுதி பிடிபடுகிறது. கந்தக டை ஆக்சைடு பிடிபடுவதில்லை. அதைப் பிடிக்கச் சுண்ணாம்புக் கரைசலில் புகையைக் கழுவும் தனிக் கருவி வேண்டும். 2015 டிசம்பரில் மத்திய அரசு அளவுகோல் வைத்து இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கு அருகில் இல்லாத பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். இந்தியக் கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். கந்தகம் குறைவு என்பது உண்மை. எரிக்கும் கரியின் அளவு குறைவில்லையே.

கார்பன் டை ஆக்சைடு தனி. யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. "700 கிராம் கரியில் ஒரு கிலோ எப்படி?" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள், நல்ல கேள்வி. கரியில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போகிறது, அந்த எடை கூடுகிறது. இதைப் பிடித்து வைக்கும் கருவி நம் நிலையம் எதிலும் இல்லை.

17. பேட்டரி வந்துட்டா கரி நிலையத்தை மூடிடலாமா?

பாதிக் கேள்விக்கு ஆம். 8-இல் சொன்ன இரண்டு தட்டுப்பாடுகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று மாலை ஆறரை முதல் பத்து வரை. மற்றொன்று காற்றும் வெயிலும் இல்லாத வாரங்கள். மாலைக்குப் பேட்டரி சரியான மருந்து, விலையும் வேகமாக இறங்கிவிட்டது. நம்மிடம் ஏற்கெனவே தண்ணீர் பேட்டரி ஒன்று உண்டு. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட், 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மிஞ்சும் கரண்ட்டில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அப்படி ஒன்று கட்டப்படுகிறது.

நாலு மணி நேரப் பேட்டரி ஒரு கார்த்திகை வாரத்தைத் தாங்காது. அதற்குக் கொஞ்சம் கரியும், வெளி மாநிலங்களோடு பலமான லைன்களும் இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், பழைய யூனிட்டுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள், மீதமுள்ளதை வருடம் முழுக்க ஓட்டாமல் அந்த வாரங்களுக்கென்று வையுங்கள். மூடுகிற ஊரின் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு மாற்று வேலையை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மூடுங்கள். நிரந்தர ஊழியர்களை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம், இவர்களுக்கு அந்த வழி இல்லை.

18. நான் மாடியில சோலார் போட்டா ஒரு கிலோ கரியாவது மிச்சமாகுமா?

மூன்று கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். 3-இல் உள்ள கணக்குப்படி எட்டுக் கிலோவுக்கு மேல் கரி. அதோடு மூன்று கிலோவுக்கு மேல் சாம்பலும் வராமல் நிற்கிறது.

சோலார் போட வசதியில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், மாவு அரைப்பது, இஸ்திரி, இவற்றைக் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் கிரைண்டர் மத்தியானம் பதினொன்றுக்குத்தான் ஓடுகிறது. மாலை ஏழு மணிக்கு மோட்டார் போட மாட்டேன், தொட்டி காலியாக இருந்தால் ஒரு குடம் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வோம்.